செய்கூலி, சேதாரம், ஊசி

2025 தீபாவளிக்கு மறுவாரம். எங்கள் தெரு மெடிக்கலில் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்பதி. கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையின் நடுப் பட்டன் ராஜினாமாவுக்குத் தயாராக இருந்தது. டாக்டர் சீட்டை நீட்டினார். கடைத் தம்பி ஃபிரிட்ஜைத் திறந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எவ்வளவு தம்பி?"

"பதினேழாயிரத்துச் சொச்சம் சார்."

"வருஷத்துக்கா?"

"மாசத்துக்கு சார். வாரம் ஒரு ஊசி. நாலு ஊசியும் இந்தப் பேனாக்குள்ளயே இருக்கு."

மனைவி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, வீட்டு வாடகையே பதினஞ்சுதான்."

மனிதர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, செக்கு எண்ணெய்க் கடையில் தூக்கு நீட்டுபவர் குரலில் கேட்டார்: "தம்பி, இந்தப் பேனா கீனா எல்லாம் வேணாம். மருந்தை மட்டும் ஒரு பாட்டில்ல குடுங்க. எவ்வளவு ஆகும்?"

கடைத் தம்பி சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். சிரிப்பு நின்றுபோனது.

நமக்கு ஏமாறுவது புதிதல்ல. நகைக்கடையில் ஏமாந்து பழக்கப்பட்ட இனம் நாம். ஆனால் நகைக்கடைக்கு ஒரு நாணயம் உண்டு. வாசலில் பலகை வைத்து இன்றைய கிராம் விலையை எழுதுவான். செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போடுவான். கொள்ளைக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கும். ஊசிக் கடையில் பலகை கிடையாது. ஆகவே அந்தப் பலகையை நாமே எழுதிப் பார்ப்போம்.

நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் வெகோவி என்ற உடல் எடை குறைப்பு ஊசி 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. உள்ளே இருக்கும் மருந்துக்குப் பெயர் செமாக்ளூடைட். தொடக்க அளவு வாரத்துக்கு 0.25 மில்லிகிராம். நான்கு வாரத்துக்கு 1 மில்லிகிராம். அறிமுக விலை 17,345 ரூபாய். அதாவது கிராம் 1 கோடியே 73 லட்சம் ரூபாய். அந்தத் தீபாவளி மாதத்தில் தங்கம் கிராமுக்கு 11,000 ரூபாயைத் தாண்டியதற்கே தமிழ்நாடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

இன்னும் கேளுங்கள். அதே கம்பெனி. அதே மருந்து. வாரத்துக்கு 1 மில்லிகிராம் அளவு வாங்கினால், மாதம் 4 மில்லிகிராம். அறிமுக விலை? அதே 17,345. கிராம் 43 லட்சமாகிவிட்டது. உச்ச அளவான 2.4 மில்லிகிராமுக்குப் போனால் மாதம் 9.6 மில்லிகிராம், அறிமுக விலை 26,000 சொச்சம். கிராம் 27 லட்சம். ஒரே கடை, ஒரே ஃபிரிட்ஜ், ஒரே தட்டு. கிராம் விலை மட்டும் ஒன்றே முக்கால் கோடியிலிருந்து 27 லட்சம் வரை ஊஞ்சல் ஆடியது. எந்த நகைக்கடைக்காரராவது அரைப் பவுன் மோதிரத்தையும் இரண்டு பவுன் சங்கிலியையும் ஒரே விலைக்கு விற்றால், முதலில் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவோம். இவர்களைப் பங்குச்சந்தைக்கு அழைத்துப் போகிறோம்.

போட்டிக் கம்பெனியான எலி லில்லி யோக்கியமா என்றால், அங்கேயும் இதே ராகம்தான். 2025 ஆகஸ்டில் வந்த மவுஞ்சாரோ பேனாவில் 2.5 மில்லிகிராம் அளவுக்கு அறிமுக விலை மாதம் 14,000 ரூபாய். 15 மில்லிகிராமுக்கு 27,500. மருந்து ஆறு மடங்கு. விலை இரண்டு மடங்குகூட இல்லை. அமெரிக்காவில் இந்த நாடகம்கூட இல்லை. 2025-இல் அங்கே வெகோவி எந்த அளவு வாங்கினாலும் பட்டியல் விலை மாதம் 1,349 டாலர். கிட்டத்தட்ட பத்து மடங்கு மருந்து வித்தியாசம். ஒரு சென்ட் விலை வித்தியாசம் இல்லை.

ஆக, நாம் கொடுக்கும் காசு மருந்துக்கு அல்ல. அது நிச்சயம். அப்படியானால் எதற்கு?

அதற்கு முன் முதல் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 0.25 மில்லிகிராம் எடையைக் குறைப்பதற்கான அளவே அல்ல. குமட்டல், வாந்தி வராமல் வயிறு பழகுவதற்கான அளவு. கம்பெனியின் குறிப்பேடே இதைத் தொடக்க அளவு என்றுதான் சொல்கிறது. இளைப்பது பின்னால்தான். அதாவது பெண் பார்க்கப் போன அன்றே கல்யாண மண்டபத்துக்கு முழு வாடகை. பஜ்ஜி சொஜ்ஜிக்குத் தனிக் கணக்கு.

இப்போது பேனாவுக்கு வருவோம். தடிமனான பிளாஸ்டிக் பேனா. ஒரு முனையில் ஊசி மாட்ட வேண்டும். மறுமுனையில் திருகி அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரிய வசதி. மறுக்கவில்லை. சிரிஞ்சில் மருந்தை அளந்து எடுப்பதில் தப்பு நேரலாம். அதையும் மறுக்கவில்லை. ஆனால் பேனா என்று பெயர் வைத்தால் ஏதாவது எழுத வேண்டும் அல்லவா? இது பில் மட்டுமே எழுதுகிறது.

2024 மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது. யேல் பல்கலைக்கழகம், லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சர்க்கரை நோய்க்கான அளவில் ஒரு மாத செமாக்ளூடைட்டைத் தயாரித்து விற்க என்ன ஆகும்? லாபமும் வரியும் சேர்த்தே 0.89 டாலரிலிருந்து 4.73 டாலருக்குள். அப்போதைய மதிப்பில் நம் காசுக்கு நானூறு ரூபாய்க்குள். அதில் மருந்துக்கு மட்டும் எவ்வளவு தெரியுமா? 29 சென்ட். இருபத்தைந்து ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அதுவும் வடைக்குச் சட்னி கிடையாது. பேனாவுக்கு? 2.83 டாலர் வரை. மருந்தைப் போலப் பத்து மடங்கு. மருந்தைப் போட்டுக்கொள்ள ஒரு பேனா என்று நாம் நினைத்தோம். இல்லை. பேனாவை விற்பதற்குக் கொஞ்சம் மருந்து.

பேனாவைக் கழற்றிவிட்டால் விலை குறையுமா? தெரு மெடிக்கலில் எல்லோரும் சிரித்த அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பதில் இருக்கிறது. எலி லில்லி கம்பெனி தன் டிர்செபடைட் மருந்தை அங்கே எடை குறைப்புக்காக செப்பவுண்ட் என்ற பெயரில் விற்கிறது. 2024-இல் பேனாவில் வாங்கினால் மாதம் சுமார் 1,060 டாலர். 2024 ஆகஸ்டில் அதே மருந்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, காப்பீடு இல்லாமல் கைக்காசு போடுபவர்களுக்குத் தன் இணையக் கடையில் விற்கத் தொடங்கியது. விலை 2.5 மில்லிகிராமுக்கு 399 டாலர். சிரிஞ்சை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது அமெரிக்காவில் பிளாஸ்டிக் பேனாவின் மாத விலை 661 டாலர்.

அப்படியே இந்தியாவுக்கு வாருங்கள். இங்கே டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் முதலில் குப்பியில்தான் வந்தது. 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். மாதம் நான்கு குப்பி, 14,000. ஆகஸ்டில் பேனா வந்தது. நான்கு வார மருந்து கொண்ட பேனாவின் விலை 14,000. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. அமெரிக்காவில் பேனாவைக் கழற்றினால் 661 டாலர் குறைந்தது. இந்தியாவில் பேனாவை மாட்டினால் பைசா ஏறவில்லை. அப்படியானால் பேனாவின் விலைதான் என்ன? பதில் எளிது. பேனாவுக்கு விலை கிடையாது. உங்கள் பாக்கெட்டுக்குத்தான் விலை. உங்கள் பாக்கெட் எவ்வளவு ஆழம் என்று அளக்க அவர்கள் செருகிப் பார்க்கும் குச்சிதான் பேனா.

செய்கூலி புரிந்தது. இனி சேதாரம்.

அந்த மவுஞ்சாரோ பேனாவில் ஒரு தடவைக்கு 0.6 மில்லிலிட்டர் இறங்கும். நான்கு தடவைக்கு 2.4 மில்லி. பேனாவின் கொள்ளளவு 3 மில்லி. ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்றச் சில சொட்டு வீணாகும். அது போகவும் அடியில் மருந்து தங்கும். நான்காவது ஊசி முடிந்ததும் பேனா பூட்டிக்கொள்ளும். கண்ணாடி வழியே மருந்து தெரியும். கைக்கு எட்டாது. குப்பையில் போடு என்கிறது குறிப்பேடு. பிரிட்டனில் இந்த மிச்சத்துக்கு 'தங்க டோஸ்' என்றே பெயர் வைத்து, சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். யாரும் அதைச் செய்யாதீர்கள். கிருமி சேரும், அளவு தப்பும். எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் நம் ஊர்ப் பொற்கொல்லர் பட்டறையின் வாசல் மண்ணைக்கூட விலைக்கு வாங்கி அரித்துத் தங்கம் எடுக்க ஆள் உண்டு. கிராம் லட்சக்கணக்கில் விற்கிற சரக்கின் சேதாரத்தைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிற ஒரே பட்டறை இதுதான்.

அடுத்தது பெயர். ஒசெம்பிக்கிலும் செமாக்ளூடைட்தான். வெகோவியிலும் செமாக்ளூடைட்தான். தயாரிப்பது ஒரே நோவோ நார்டிஸ்க். சர்க்கரைக்குப் போட்டால் ஒசெம்பிக். தொந்திக்குப் போட்டால் வெகோவி. பேர் மாறியதும் அமெரிக்காவில் விலை 969 டாலரிலிருந்து 1,349 டாலருக்குத் தாவியது. அதேபோல மவுஞ்சாரோ அமெரிக்காவில் எடை குறைப்பு என்று வந்ததும் செப்பவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் ஊரில் கடன்காரனுக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. கடன் வாங்க வைப்பதற்காகப் பெயர் மாற்றும் கலையை இப்போதுதான் பார்க்கிறோம்.

அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுக்கு 2003-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எடை குறைப்பு மருந்துக்குக் காசு தரக் கூடாது. எடை என்பது அழகு சமாச்சாரமாம். 2024 மார்ச்சில், ஏற்கெனவே இதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் குறைக்க வெகோவிக்கு அனுமதி கிடைத்தது. உடனே மெடிகேர் கதவு ஒரு சாண் திறந்தது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். எடை மட்டும் இருந்தால் வெளியே நில்லுங்கள். போய் இதயத்தைக் கெடுத்துக்கொண்டு, சான்றிதழோடு வாருங்கள். வீடு பற்றி எரிந்தால் மட்டுமே தீயணைப்பு வண்டிக்கு டீசல் போடுவோம் என்கிற கொள்கை.

2024 செப்டம்பரில் அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், நோவோ நார்டிஸ்க்கின் தலைமை நிர்வாகியைக் கூண்டில் ஏற்றாத குறையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அவர் முன்வைத்த பட்டியல்: ஒசெம்பிக் அமெரிக்காவில் 969 டாலர். கனடாவில் 155. கம்பெனியின் சொந்த ஊரான டென்மார்க்கில் 122. ஜெர்மனியில் 59. அதே மருந்து. அதே பேனா. கடல் தாண்டினால் விலை கொழுக்கிறது. கடல் காற்று எடையைக் கூட்டும் என்பது மருத்துவ உலகுக்கே புதிய கண்டுபிடிப்பு.

2025 மே மாதம் டிரம்ப் ஒரு கதை சொன்னார். அவருடைய கோடீஸ்வர நண்பர் ஒருவர் லண்டனில் 'கொழுப்பு ஊசி'யை 88 டாலருக்கு வாங்கினாராம். நியூயார்க்கில் 1,300 டாலராம். அநியாயம் என்றார் டிரம்ப். கம்பெனிகள் நியாயத்தை உடனே நிலைநாட்டத் தொடங்கின. எப்படி? எலி லில்லி 2025 செப்டம்பரில் லண்டன் விலையை ஏற்றியது. மவுஞ்சாரோவின் உச்ச அளவு 122 பவுண்டிலிருந்து 330 பவுண்ட். 170 சதவீத உயர்வு. மேல்மாடிக்காரர் கூரை ஒழுகுகிறது என்று புகார் சொன்னால், கீழ்வீட்டிலும் ஓட்டை போட்டு நீதி வழங்குவார்கள்.

பிறகு 2025 நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஒப்பந்தம். கைக்காசு போட்டு வாங்குவோருக்கு மாதம் சுமார் 350 டாலர். கை தட்டினார்கள். படம் பிடித்தார்கள். பட்டியல் விலையோடு ஒப்பிட்டால் ஒரே நாளில் ஆயிரம் டாலர் ஆவியாகிவிட்டது. மகிழ்ச்சி. ஒரே ஒரு சந்தேகம். கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் காணாமல் போகக்கூடிய அந்த ஆயிரம் டாலர், அதற்கு முந்தின நாள்வரை எதற்காகப் பட்டியலில் இருந்தது?

ஆராய்ச்சிக்கு, என்பார்கள். கை மார்பில் இருக்கும். கண் கலங்கும். உண்மைதான், ஆராய்ச்சி நடந்தது. பல ஆண்டு உழைப்பு. மருந்தும் போலி அல்ல. உயர் அளவு செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தார்கள். டிர்செபடைட்டில் 20 சதவீதம் வரை. போலியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிஜமாக வேலை செய்கிற மருந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனால் ஆராய்ச்சிக் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டும். இந்தக் குடும்பத்து மருந்துகளில் முதலில் சந்தைக்கு வந்தது கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷ எச்சிலில் கிடைத்த பொருளிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஜான் எங். நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மக்கள் வரிப்பணத்தில் பல்லி எச்சிலைப் பிடித்தார்கள். அந்த வம்சத்தின் வாரிசுகளைப் பிளாஸ்டிக் பேனாவில் அடைத்து மக்களுக்கே விற்கிறார்கள். பல்லி மட்டும் ராயல்டி கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போங்கள். 1923. இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஆளுக்கு 1 டாலர். அந்த இன்சுலினைப் பெரிய அளவில் தயாரிக்க முதலில் முன்வந்த கம்பெனி எலி லில்லி. டொராண்டோ போய் அனுமதி வாங்கி டென்மார்க்குக்குக் கொண்டுபோனவர் நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக். சர்க்கரை நோயாளியான மனைவி மாரியின் தூண்டுதலில் போனவர். அவர் தொடங்கியதுதான் பின்னாளில் நோவோ நார்டிஸ்க்காக வளர்ந்தது. இன்று எடை ஊசிச் சந்தையை ஆளும் இரண்டு ராஜாக்களுமே அந்த ஒரு டாலர் தானத்தில் பால் குடித்து வளர்ந்தவர்கள். அதில் எலி லில்லியின் சந்தை மதிப்பு 2025 நவம்பரில் 1 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. மருந்துக் கம்பெனிகளிலேயே முதல் தடவை. ஒரு டாலரில் தொடங்கி ஒரு லட்சம் கோடி டாலர். தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு பாலைச் சொட்டுக் கணக்கில் விற்கிறார்கள்.

காப்புரிமை என்றதும் கனடா ஞாபகம் வருகிறது. அங்கே செமாக்ளூடைட்டின் காப்புரிமையைப் புதுப்பிக்க ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தாமதக் கட்டணத்தோடு சேர்த்து 450 கனடா டாலர். நோவோ நார்டிஸ்க் கட்டவில்லை. அவகாசம் கொடுத்தும் கட்டவில்லை. காப்புரிமை காலாவதி ஆனது. நாம் கரண்ட் பில் ஒரு நாள் தாமதமாகக் கட்டினால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். 450 டாலருக்குக் கணக்குப் பார்த்த கம்பெனி, பக்கத்து நாட்டில் ஒரு மாத ஊசிக்கு அதைப் போலப் பல மடங்கு எண்ணிக்கொண்டிருந்தது.

இந்தியாவிலும் ஒரு தேதி உண்டு. செமாக்ளூடைட்டின் காப்புரிமைக்கு இங்கே கெடு 2026 மார்ச். அதன் பிறகு நம் ஊர்க் கம்பெனிகளும் தயாரித்து விற்கலாம். இப்போது காலண்டரைப் பாருங்கள். 2025 ஜூனில் வெகோவி 17,345 ரூபாய். ஐந்தே மாதம். நவம்பரில் விலை 37 சதவீதம் வரை குறைந்தது. தொடக்க அளவு 10,850 ஆனது. டிசம்பரில் ஒசெம்பிக் வந்தது, வாரம் 2,200 ரூபாயில். எல்லாம் இந்திய நோயாளிகள் மீதான அக்கறையாம். அக்கறை ஜூனில் விமானம் ஏறவில்லை. போட்டிக்காரன் கதவைத் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் ஏறியது. தீபாவளிக்கு மறுவாரம் அந்த மனிதர் மெடிக்கலில் நின்றபோது, அக்கறை இன்னும் லக்கேஜ் போட்டுக்கொண்டிருந்தது. மனசாட்சி என்பது இதயத்தில் இருக்கும் என்றுதான் பாடப் புத்தகத்தில் படித்தோம். காப்புரிமைப் பத்திரத்தின் காலாவதித் தேதியில் இருக்கிறது.

விளம்பரத்துக்கும் நம்மிடம் சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. அதைக் குணப்படுத்துவேன் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. சரி, ஊசியை விளம்பரம் செய்யத்தானே தடை? நோயை விளம்பரம் செய்யத் தடை இல்லையே! ஆகவே மருந்தின் பெயரே வராமல் விழிப்புணர்வு வரும். "உங்கள் எடை உங்கள் தவறல்ல, டாக்டரிடம் பேசுங்கள்." அழகான வாக்கியம். முற்றிலும் உண்மை. டாக்டரிடம் போனால் அந்த வாக்கியத்தின் மறுபாதி கிடைக்கும். 2025 ஜூனில் அதற்கு விலை 17,345.

எடை நம் தவறல்ல என்றால் யார் தவறு? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21 சொல்கிறது: தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். நூற்றில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் சோம்பேறி ஆகிவிட முடியாது. நடக்க நடைபாதை இல்லை. இருந்தால் அதன்மேல் பைக் நிற்கிறது. ஓட மைதானம் இல்லை. இருந்தால் அதில் கட்சி மாநாடு நடக்கிறது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் உப்பும் எண்ணெயும் அடைத்த பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. விலை 10 ரூபாய். பாக்கெட்டின் முகப்பில் எச்சரிக்கை போடச் சொல்லிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிரதமர் 2025-இல் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். நல்ல யோசனை. அம்மாக்கள் தாளிக்கும் கரண்டியைக் குறைத்தார்கள். பாக்கெட்டுக்காரன் எதைக் குறைத்தான்? காற்றைக் கூட்டி, சிப்ஸைக் குறைத்தான்.

2025 கணக்கில், கொழுக்க 10 ரூபாய். இளைக்க 10,000 ரூபாய். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத்தான் வளர்ச்சி என்று அழைக்கிறோம்.

அந்தப் பத்தாயிரமும் ஒரு தடவையோடு தீராது. ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டது. மருந்தின் குற்றம் அல்ல இது. பருமன் நாள்பட்ட நோய். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும். எனக்குத் தெரியும். ஆனால் என் பிரஷர் மாத்திரை அட்டை ஒரு காபி விலை. இது வீட்டு வாடகை. இளைத்த உடம்பு நமக்குச் சொந்தம் இல்லை, மாத வாடகைக்கு. ஒரு மாதம் பாக்கி வைத்தால் பழைய உடம்பு சாமான்களோடு திரும்பி வந்து குடியேறும். பழைய நகையைக் கொடுத்தால் நகைக்கடைக்காரர் எடை போட்டுப் பணத்தைத் தருவார். இங்கே எடை திரும்பி வரும். பணம் வராது.

எடையைக் குறைக்கும் வித்தை தெரிந்தவர்கள் தங்களுக்கும் அதைச் செய்துகொண்டார்கள். விற்பனை மந்தமானதும் 2025 செப்டம்பரில் நோவோ நார்டிஸ்க் 9,000 பேரை வேலையிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தது. அதே செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்துகளை, சர்க்கரையோடு இதய நோய் அல்லது சிறுநீரக நோயும், பருமனும் சேர்ந்துள்ளவர்களுக்காக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்றால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று நினைத்து ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள்.

அன்று மெடிக்கலில் நடந்ததன் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். கணவனும் மனைவியும் ஓரமாக ஒதுங்கிப் பேசினார்கள். பிறகு அவர் கார்டை நீட்டினார். வாங்கிவிட்டார். கடைத் தம்பி பெட்டியை ஐஸ் ஜெல் பாக்கெட்டோடு, உள்ளே வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஒரு குளிர்ப் பையில் வைத்துக் கொடுத்தார். அம்மா பயந்துபோய்க் கேட்டார்: "இந்தப் பைக்கு எவ்வளவு தம்பி?"

"பை ஃப்ரீம்மா."

அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

நாலைந்து மாதம் கழித்து அந்த அம்மாவைப் பால் பூத்தில் பார்த்தேன். கையில் அதே குளிர்ப் பை. உள்ளே தயிர், மோர் பாக்கெட்டுகள். "சாருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தேன்.

"மூணு மாசம் போட்டாரு. இளைச்சாரு. அப்புறம் கட்டுப்படி ஆகலை, நிறுத்திட்டோம். எல்லாம் பழையபடி ஆயிடுச்சு சார்." பையைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் நல்லா உழைக்குது."